பிரீடன் மலை ஆலயத்தின் ஆங்கிலோ-சாக்சன் சிற்பங்கள்: போய்ப் பார்க்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இது எந்த ஆலயம்? எங்கே இருக்கிறது?

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், லெஸ்டர்ஷயரின் வடமேற்கு மூலையில், டார்பிஷயர் எல்லையை ஒட்டி 'பிரீடன் ஆன் த ஹில்' என்று ஒரு கிராமம் இருக்கிறது. கிராமம் அடிவாரத்தில், ஆலயம் தனியாகக் குன்றின் உச்சியில். தூய மரியாள், தூய ஹார்டல்ஃப் ஆகிய இருவர் பெயரில் அமைந்த ஆலயம் இது. இன்றும் வழிபாடு நடக்கும் ஆங்கிலிக்கன் பங்கு ஆலயம்.

ஊர்ப்பெயரே ஒரு வேடிக்கை. 'பிரீ' என்றால் பழைய பிரித்தானிய மொழியில் குன்று. அது புரியாத, பின்னால் வந்து குடியேறிய சாக்சன் மக்கள் தங்கள் மொழியில் குன்று என்று பொருள்படும் 'டன்' என்பதைச் சேர்த்தார்கள். அதுவும் புரியாமல் போன காலத்தில் 'ஆன் த ஹில்' வந்து ஒட்டிக்கொண்டது. நாம் 'நடு சென்டர்' என்று சொல்கிறோமே, அதே கதைதான். இங்கே மூன்று முறை.

அங்கே பார்க்க அப்படி என்னதான் இருக்கிறது?

கி.பி. 800-ஐ ஒட்டிய காலத்தில், மெர்சியா (இங்கிலாந்தின் நடுப்பகுதியை ஆண்ட ஆங்கிலோ-சாக்சன் அரசு) வலுவாக இருந்தபோது செதுக்கப்பட்ட கற்கள். இங்கிலாந்தில் அந்தக் காலத்துச் சிற்பம் இவ்வளவு மொத்தமாக ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் இடங்கள் மிகக் குறைவு. சுவர்களில் பதித்த நீண்ட சிற்பப் பட்டைகள், வளைவுகளுக்குக் கீழே நிற்கும் புனிதர்களின் பலகைகள், மரியாள் என்று பெரும்பாலோர் கருதும் ஒரு பெண் உருவம், ஒரு தேவதூதன், சிலுவைத் தூண்களின் உடைந்த துண்டுகள் ஆகியவை முக்கியமானவை.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இவற்றுள் எதுவும் அது செய்யப்பட்ட இடத்தில் இல்லை. இவற்றைத் தாங்கி நின்ற சாக்சன் கட்டடம் போய்விட்டது. பின்னால் வந்தவர்கள் மிஞ்சிய கற்களைப் பொறுக்கித் தங்கள் சுவர்களில் ஆங்காங்கே பதித்து வைத்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு போகிறவருக்கு அந்தச் சுவர்கள் புரியும். தெரியாமல் போகிறவர், பட்டை ஏன் பாதியில் நிற்கிறது, கோழிக்குப் பக்கத்தில் ஏன் திடீரென்று முடிச்சுக் கோலம் வருகிறது என்று குழம்பித் திரும்புவார்.

முதலில் யார் கட்டியது? எப்படி மிஞ்சியது?

குன்றின் மேல் ஏற்கெனவே இரும்புக்கால மண்கோட்டை ஒன்று இருந்தது. 7-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், ஃப்ரிதுரிக் என்ற மெர்சியப் பிரபு கொடுத்த நிலத்தில், மெதெஸ்ஹாம்ஸ்டெட் மடத்திலிருந்து (இன்றைய பீட்டர்பரோ) வந்தவர்கள் ஒரு துறவு மடம் அமைத்தார்கள். முதல் மடத்துத் தலைவர் ஹெட்டா. இங்கே குருவாக இருந்த டாட்வின் 731-இல் கேன்டர்பரியின் பேராயரானார். லத்தீனில் ஓர் இலக்கண நூலும் 40 விடுகதைகளும் எழுதியவர். 734-இல் இறந்துவிட்டார். இப்போது நாம் பார்க்கும் சிற்பங்கள் அவருக்கு இரண்டு தலைமுறை பிந்தியவை. அவர் இவற்றைப் பார்த்திருக்க வழியில்லை.

873–874 குளிர்காலத்தில் டேனியப் (வைக்கிங்) படை பக்கத்து ரெப்டனில் முகாமிட்டது. பிரீடன் மடம் அப்போதுதான் அழிந்தது என்று பலரும் எழுதுவார்கள். நியாயமான ஊகம், ஆனால் ஊகம்தான். 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகஸ்தீனியத் துறவிகள் புதிதாக ஒரு மடம் கட்டினார்கள். 1539-இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் அதுவும் மூடப்பட்டது. சர் ஃபிரான்சிஸ் ஷர்லி என்பவர் தம் குடும்பத்துக் கல்லறைக்கென்று ஆலயத்தை வாங்கியதால் கட்டடம் இடிபடாமல் தப்பியது. இன்று நாம் நுழைவது அந்த மடத்து ஆலயத்தின் கிழக்குப் பகுதியும் கோபுரமும் மட்டுமே. கோபுரத்துக்கு மேற்கே இருந்த நடுக்கூடம் இப்போது இல்லை.

உள்ளே போனதும் எங்கிருந்து தொடங்குவது?

பலர் கதவைத் திறந்ததும் ஷர்லி குடும்பத்தின் பெரிய கல்லறைகளைப் பார்த்து அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கண்கள் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடமாவது வேண்டும். அதுவரை இருக்கையில் உட்கார்ந்து, சுவர்களின் மேற்பகுதியை மட்டும் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். வெளிர் நிறத்தில், கைச்சாண் அகலத்தில் ஓடும் கோடுகள்தான் நீங்கள் தேடி வந்தவை.

பட்டைகள் இரண்டு அளவில் இருக்கின்றன. குறுகியது சுமார் 18 செ.மீ. உயரம், அகலமானது சுமார் 23 செ.மீ. இந்த இரண்டு எண்களும் நினைவில் இருந்தால் போதும். எந்தக் கல் எந்த வரிசையைச் சேர்ந்தது என்று கீழே நின்றபடியே பிரித்துவிடலாம். கிழக்குச் சுவர், தூண் வளைவுகளுக்கு மேற்புறம், தெற்குப் பக்கக் கூடம் என்று மூன்று பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு பாருங்கள்.

குறுகிய பட்டைகளில் பெரும்பாலும் கொடிக்கருக்கு (வளைந்தோடும் கொடி வேலைப்பாடு), பின்னல், சுருள், கிரேக்கச் சாவிக்கோலம் (செங்கோணங்களாக மடிந்து ஓடும் கோடு) ஆகியவை வரும். அகலமான பட்டைகளில் உயிரினங்கள் வருகின்றன: தானியம் கொத்துவதுபோல் குனிந்த கொழுத்த பறவைகள், ஒன்றையொன்று கடிக்கும் மிருகங்கள், ஈட்டியோடு குதிரையில் போகிறவர்கள். ஒரு பறவையை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு நிமிடம் பாருங்கள். பின்புலக் கல்லை ஆழமாக வெட்டி எடுத்திருப்பதால் பறவையின் உடல் கல்லை விட்டுக் கிட்டத்தட்ட வெளியே வந்து நிற்கிறது. கழுத்துக்குக் கீழே நிழல் விழுகிறது. கண் இருக்க வேண்டிய இடத்தில் துரப்பணத்தால் துளைத்த ஒரு குழி. மனித உருவங்களிலும் கண்கள் இப்படித்தான் துளையிடப்பட்டிருக்கின்றன. அந்த இருண்ட புள்ளி இருப்பதால்தான் பத்தடி கீழே நிற்பவருக்கும் அந்த முகம் தன்னைப் பார்ப்பதுபோல் இருக்கிறது.

பிறகு, ஒவ்வொரு கல்லும் முடியும் இணைப்பைக் கவனியுங்கள். கொடி ஒரு வளைவின் நடுவில் அறுந்துபோகும். அடுத்த கல்லில் வேறு கோலம் தொடங்கும். பழைய வரிசை கலைந்து மறுபடி அடுக்கப்பட்டதற்கு அதுதான் கண்ணுக்கெதிரான சாட்சி.

மரியாள் சிற்பம் எங்கே? அது மரியாள்தானா?

தெற்குப் பக்கக் கூடத்தின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. இடுப்பளவு உருவம், தலையில் முக்காடு. இடது கை ஆடையின் மடிப்புக்குள் மறைந்தபடி ஒரு புத்தகத்தை ஏந்துகிறது, வலது கை ஆசீர்வதிக்கிறது. புனிதப் பொருளை வெறுங்கையால் தொடாமல் துணியால் மூடிப் பிடிப்பது கிழக்கத்திய, அதாவது பைசாந்தியக் கிறிஸ்தவக் கலையில் வழக்கமான மரியாதை. மரியாள் என்பதுதான் பரவலான கருத்து. ஆனால் பெயர் எதுவும் பொறிக்கப்படவில்லை. மடத்துக்கு உரிய வேறொரு புனிதராகவும் இருக்கலாம் என்று வாதிடுபவர்களும் உண்டு. ஆடை மடிப்புகளைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள், நேரே நின்றால் பாதிதான் தெரியும்.

தேவதூதன் சிற்பம் கீழே இருக்கிறதே, அது அசலா?

இல்லை. கீழே காட்சியில் இருப்பது வார்ப்பு நகல். அசல் கோபுரத்தில் மணியடிக்கும் அறையின் சுவரில் பதிந்திருக்கிறது. அங்கே ஏற முன்கூட்டியே ஆலயப் பொறுப்பாளர்களிடம் கேட்டு நேரம் வாங்க வேண்டும். நேரில் போய்க் கேட்டால் நடக்காது, ஏனென்றால் சாவியோடு உடன் வர ஆள் வேண்டும். கோபுரப் படிக்கட்டு குறுகலாகச் சுழன்று ஏறும். முதுகுப் பையைக் கீழேயே வைத்துவிட்டு, கைகள் இரண்டும் காலியாக இருக்கும்படி ஏறுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களும் இடுக்கான இடத்தில் மூச்சு முட்டுகிறவர்களும் கீழே நகலைப் பார்ப்பதே நல்லது.

நகலில் என்ன கவனிப்பது? தூதன் சட்டகத்துக்குள் நிற்கவில்லை. அதிலிருந்து வெளியே காலெடுத்து வைக்கிறான். சிறகும் பாதமும் ஓரத்தைத் தாண்டுகின்றன. இடது கையில் சிலுவைக் கோல். வலது கையின் ஆசீர்வாதம் கிரேக்க முறையில் இருக்கிறது, அதாவது கட்டைவிரல் மோதிர விரலைத் தொடுகிறது. மரியாளுக்கு வாழ்த்துச் சொல்ல வந்த காபிரியேல் என்று கொள்வது வழக்கம். இங்கிலாந்தின் நடுவில் இருந்த ஒரு சிற்பிக்கு இந்த விரல் முத்திரை எங்கிருந்து கிடைத்தது? கிழக்கிலிருந்து வந்த தந்தச் செதுக்கல்கள், துணிகள், ஓவியச் சுவடிகள் போன்ற கையில் எடுத்துச் செல்லக்கூடிய பொருள்களைப் பார்த்துத்தான் என்பது ஆய்வாளர்களின் விடை.

உள்ளே இருட்டாக இருக்கிறது, டார்ச் அடித்துப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. ஏன்?

டார்ச்சை நேராக அடித்திருப்பீர்கள். புடைப்புச் சிற்பம் நிழலால்தான் தெரிகிறது. ஒளி கண்ணிருக்கும் திசையிலிருந்தே போனால் நிழல் எல்லாம் உருவத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், கல் தட்டையான வெள்ளைப் பலகை ஆகிவிடும். கேமராவின் ஃபிளாஷ் ஏமாற்றுவதும் இதனால்தான்.

இரண்டு பேர் போனால் வேலை சுலபம். ஒருவர் சிற்பத்துக்கு நேரெதிரே நிற்க வேண்டும். மற்றவர் சுவரை ஒட்டி, இரண்டு மூன்று மீட்டர் பக்கவாட்டில் நின்று, ஒளி சுவரை உரசிக்கொண்டு போகும்படி டார்ச்சைப் பிடிக்க வேண்டும். சுவருக்கும் ஒளிக்கும் இடையே 15 முதல் 20 பாகை சாய்வு போதும். சாய்வு அதற்கும் குறைந்தால் நிழல் நீண்டு பக்கத்து உருவத்தை விழுங்கிவிடும். 300 லூமென் அளவிலான எல்இடி டார்ச் தாராளம். மிகவும் வலுவான டார்ச் வெளிர் கல்லில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும்.

இதில் பலரும் விழும் குழி ஒன்று உண்டு. சிற்பம் தலைக்கு மேலே இருப்பதால் இயல்பாகவே கீழிருந்து ஒளி அடிப்போம். அப்படி அடித்தால் சில சமயம் புடைத்திருப்பது பள்ளமாகவும் பள்ளம் புடைப்பாகவும் தெரியும். ஒளி மேலிருந்துதான் வரும் என்று நம் மூளை எடுத்துக்கொள்வதால் வரும் மயக்கம் இது. கொடிக்கருக்கில் இது மிகவும் படுத்தும்; தண்டு எது, இடைவெளி எது என்றே பிடிபடாது. டார்ச்சை ஒரு செல்ஃபி கோலின் நுனியில் கட்டி, சிற்பத்தின் உயரத்துக்குப் பக்கவாட்டில் உயர்த்துங்கள். கோல் சுவரிலோ சிற்பத்திலோ படவே கூடாது. தனியாகப் போகிறவர்கள், அங்கே வந்திருக்கும் வேறு யாரிடமாவது டார்ச்சைக் கொடுத்துப் பக்கவாட்டில் நிற்கச் சொல்லலாம். யாரும் மறுக்க மாட்டார்கள், அவர்களும் அதைத்தான் பார்க்க வந்திருக்கிறார்கள்.

படம் எடுக்கலாமா? எப்படி எடுத்தால் நன்றாக வரும்?

சொந்தப் பயன்பாட்டுக்குப் படம் எடுப்பதை இத்தகைய ஆலயங்கள் பெரும்பாலும் தடுப்பதில்லை. வழிபாடு, திருமணம், அடக்கம் நடக்கும்போது எடுக்காதீர்கள். முக்காலி வைக்க வேண்டுமானால் கேட்டுவிட்டு வையுங்கள்.

கேமரா என்றால் 85 முதல் 200 மி.மீ. வரையிலான லென்ஸ், ஐஎஸ்ஓ 1600 அல்லது 3200. கைபேசி என்றால் 2 மடங்கு அல்லது 3 மடங்கு லென்ஸுக்கு மாறுங்கள். விரலால் பெரிதாக்கினால் உளி வேலை கரைந்துபோகும். தோளை எதிர்த் தூணில் சாய்த்து நின்றால் கை நடுக்கம் பாதி குறையும். வெளிச்ச அளவைக் கல்லின் மேல் வைத்துப் பூட்டிவிடுங்கள். ஜன்னல் சட்டகத்துக்குள் வந்தால் கைபேசி அதற்கேற்ப வெளிச்சத்தைக் குறைத்துக் கல்லைக் கறுப்பாக்கிவிடும். ஒரே கல்லை, ஒளியை இடப்புறமிருந்து ஒருமுறையும் வலப்புறமிருந்து ஒருமுறையும் விட்டு எடுத்து வையுங்கள். வீட்டில் போய் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் பல உருவங்கள் பிடிபடும்.

எந்த நேரம் நல்லது? எவ்வளவு நேரம் வேண்டும்?

ஒன்றரை மணி நேரம். அரை மணியில் பார்த்துவிட்டேன் என்பவர் கல்லறைகளைத்தான் பார்த்திருப்பார்.

காலை வெயில் கிழக்கு ஜன்னல்கள் வழியாக நேரே கண்ணில் அடிக்கும். அதே சுவரில் உள்ள சிற்பங்கள் அப்போது நிழலுக்குள் போய்விடும். அதனால் கிழக்குச் சுவருக்குப் பிற்பகலே நல்லது. மேகமூட்டமான நாளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், சிதறிய வெளிச்சத்தில் டார்ச் நன்றாக வேலை செய்யும். டிசம்பரில் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், மதியமே போய்விடுங்கள்.

ஆலயம் திறந்திருக்குமா? கதவு பூட்டியிருந்தால்?

வழக்கமாகப் பகல் நேரத்தில் திறந்திருக்கும் ஆலயம் இது. ஆனாலும் கிளம்பும் முன் பங்கின் இணையப் பக்கத்தையோ இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயத் தேடல் தளத்தையோ பார்த்துவிடுங்கள். சனிக்கிழமை பிற்பகலில் திருமணமும் ஞாயிறு காலையில் ஆராதனையும் இருக்க வாய்ப்புண்டு. ஆராதனைக்கு உட்கார விரும்பினால் உட்காரலாம். அது முடிந்த பிறகு சுற்றிப் பார்ப்பதை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

பூட்டியிருக்கிறது என்று முடிவுசெய்யும் முன் கதவை இன்னொருமுறை பாருங்கள். பழைய ஆலயக் கதவுகளில் இரும்பு வளையம் ஒன்று இருக்கும். அதைத் திருப்பினால்தான் உள்ளே தாழ் உயரும். தள்ளினால் மட்டும் போதாது. ஒரு பக்கம் திரும்பாவிட்டால் மறுபக்கம் திருப்புங்கள். தாழ் இறுகியிருந்தால், கதவை உங்கள் பக்கம் லேசாக இழுத்துக்கொண்டு வளையத்தைத் திருப்ப வேண்டும். கிராமத்து ஆலயங்களில் இப்படித் திறந்த கதவின் முன்னாலிருந்து திரும்பிப் போனவர்கள் ஏராளம். வெளிப்புறம் கம்பிவலைக் கதவு இருந்தால், உள்ளே நுழைந்ததும் அதைச் சாத்துங்கள். பறவை உள்ளே வந்துவிட்டால் வெளியேறத் தெரியாமல் அங்கேயே செத்துப்போகும்.

எப்படிப் போவது?

கார் இருந்தால் நிம்மதி. ஏ42 சாலையிலிருந்து சில நிமிடங்கள்தான். ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் விமான நிலையமும் பக்கம். உச்சிவரை தார்ச்சாலை போகிறது, மேலே வண்டி நிறுத்த இடம் உண்டு. வழிகாட்டிச் செயலியில் கிராமத்தின் பெயரை மட்டும் போட்டால் அடிவாரத்தில் கொண்டுபோய் விடும். ஆலயத்தின் பெயரைப் போடுங்கள்.

கிராமத்திலிருந்து நடந்தும் ஏறலாம். பாதை சிறிது தூரம்தான், ஆனால் செங்குத்து. மழைக்குப் பின் சுண்ணாம்புப் பாறையும் புல்லும் வழுக்கும். அடிப்பாகம் பிடிமானமுள்ள ஷூ வேண்டும். சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் கார் நிறுத்துமிடத்திலிருந்து வாசல் வரை பாதை எப்படி என்று முன்னதாகக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

போகலாம், ஒரு எச்சரிக்கையோடு. குன்றின் கிழக்குப் பகுதியைக் கல்குவாரி தின்றுவிட்டது. இரும்புக்காலக் கோட்டையின் பெரும்பகுதியும் அதோடு போய்விட்டது. ஆலயத்துக்குப் பின்னால் நிலம் திடீரென்று செங்குத்தாக அறுந்து விழுகிறது. வேலி இருக்கிறது, ஆனால் அதைத் தாண்டி எட்டிப் பார்க்கும் ஆசை பெரியவர்களுக்கே வரும். கல்லறைத் தோட்டத்தில் பிள்ளைகளை ஓடவிட்டுவிட்டு நீங்கள் உள்ளே பட்டை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள்.

உள்ளே அவர்களுக்கு ஒரு விளையாட்டு வைக்கலாம்: பறவை எத்தனை, குதிரை எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். பெரியவர்கள் தவறவிட்டதைக் கண்டுபிடிப்பார்கள். ஊர்க்கதை ஒன்றையும் சொல்லலாம். ஆலயத்தை அடிவாரத்தில்தான் கட்டத் தொடங்கினார்களாம். பகலில் அடுக்கிய கல்லையெல்லாம் இரவில் புறாக்கள் மேலே தூக்கிக்கொண்டு போய்விட்டனவாம். இந்த ஆலயத்தின் கற்கள் உண்மையிலேயே இடம் மாறிய கற்கள் என்பதால் கதை இன்னும் பொருந்துகிறது.

சிற்பத்தைத் தொட்டுப் பார்க்கலாமா? தாள் வைத்துத் தேய்த்துப் படியெடுக்கலாமா?

இரண்டும் கூடாது. விரலின் எண்ணெய்ப்பசை நுண்துளை உள்ள கல்லில் இறங்கி அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கைபடும் மூலைகள் முதலில் கறுத்து, பிறகு மழுங்கும். தேய்த்துப் படியெடுப்பது தட்டையான பித்தளைத் தகடுகளுக்கான முறை, அதற்கும் அனுமதி வேண்டும். ஆழமாக வெட்டிய கல்லில் தாள் கிழியும், மெழுகு கல்லில் ஒட்டும், நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய தண்டு உடையலாம்.

இந்தக் கற்களில் உளியின் கூர்மை இன்னும் தெரிவதற்குக் காரணம், அவை நூற்றாண்டுக்கணக்கில் கூரைக்கடியில் இருந்ததுதான். மழைநீரிலுள்ள லேசான அமிலம் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கும். வெளியில் நிற்கும் சாக்சன் சிலுவைகள் பலவற்றில் முகங்கள் வெறும் மேடுகளாகிவிட்டன.

பார்ப்பது சாக்சன் வேலையா, பின்னால் வந்த நார்மன் வேலையா என்று எப்படித் தெரியும்?

ஒரே அடையாளத்தை நம்பாதீர்கள். வளைந்து வளைந்து ஓடும் கொடிக்குள் பறவையோ மிருகமோ இருந்தால், முடிவில்லாத பின்னல் இருந்தால், சாக்சன் என்று தொடங்கலாம். நார்மன் வேலை, பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய 1066-க்குப் பிந்தியது. வாசல் வளைவுகளைச் சுற்றி இரம்பப் பல் போன்ற கோணல் கோடுகளும் அலகு நீட்டிய தலைகளும் வரும். சுவரும் துப்புத் தரும்: சாக்சன் சுவர்கள் பெரும்பாலும் 75 செ.மீ. அளவில் மெலிந்தவை, நார்மன் சுவர்கள் ஒரு மீட்டரைத் தாண்டுவது சாதாரணம். ஆனால் பிரீடனில் சுவரின் வயதை வைத்துச் சிற்பத்தின் வயதைச் சொல்ல முடியாது, கல் பழையது, சுவர் பிந்தியது.

வடக்குப் பக்கக் கூடத்தில் உள்ள சிலுவைத் தூண் துண்டுகளைப் பட்டைகளோடு ஒப்பிடுங்கள். ஒன்றில் ஆதாம் ஏவாள் இருக்கிறார்கள். வேலை பட்டைகளைவிட முரடு, ஸ்காண்டிநேவியச் சாயலுள்ள பிற்காலத்துக் கை.

இவை அந்தக் காலத்தில் இப்படி வெறுங்கல்லாகவா இருந்தன?

இல்லை, வண்ணம் பூசியிருந்திருப்பார்கள். நல்ல சான்று பக்கத்திலேயே இருக்கிறது. 2003-இல் லிச்ஃபீல்ட் பேராலயத்தின் தரைக்கடியில் 8-ஆம் நூற்றாண்டுத் தேவதூதன் சிற்பம் ஒன்று மூன்று துண்டுகளாகக் கிடைத்தது. மண்ணுக்குள் புதைந்து கிடந்ததால் சிவப்பும் மஞ்சளும் வெள்ளையும் அதில் இன்னும் ஒட்டியிருந்தன. பிரீடன் தூதனைப் பார்த்த கையோடு அதையும் பார்த்தால், இங்கே நிறம் எங்கெங்கே இருந்திருக்கும் என்று மனத்தில் பூசிப் பார்க்கலாம்.

கல்லறைகளில் எதைப் பார்க்க வேண்டும்?

1598 என்று ஆண்டு பொறித்த சர் ஜார்ஜ் ஷர்லியின் அலபாஸ்டர் (வெளிர் நிற மென்கல்) நினைவுச்சின்னம். மேலே குடும்பம் பகட்டான உடையில் முழந்தாளிட்டிருக்க, கீழே ஓர் எலும்புக்கூடு கிடக்கிறது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். பக்கத்தில் 1627-ஆம் ஆண்டு ஓக் மரத்தால் செய்த ஷர்லி குடும்ப இருக்கை. இருக்கை என்பதைவிட அறை என்று சொல்ல வேண்டும்.

ஹார்டல்ஃப் யார்?

வடக்கே இருந்த இன்னொரு ஆங்கிலோ-சாக்சன் அரசான நார்தம்ப்ரியாவின் மன்னன் எயார்ட்வுல்ஃப் என்று பலர் அடையாளம் காண்கிறார்கள். 12-ஆம் நூற்றாண்டின் பீட்டர்பரோ வரலாற்றில், பிரீடனில் உள்ள புனிதர்களுள் ஒருவராக ஓர் 'அரசன் ஆர்டுல்ஃப்' குறிப்பிடப்படுவதுதான் ஆதாரம்.

என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

பைனாகுலர் கட்டாயம். 8 மடங்கு பெருக்கம் போதும், ஆனால் இரண்டு மூன்று மீட்டரிலேயே தெளிவாகக் குவியும் வகையாக இருக்க வேண்டும். பறவை பார்க்கும் பெரிய பைனாகுலர்கள் சில அவ்வளவு பக்கத்தில் குவியாது. டார்ச், அதற்கு மாற்று பேட்டரி. ஜூன் மாதமானாலும் ஒரு ஸ்வெட்டர், ஏனென்றால் தடித்த கல்சுவருக்குள் குளிர் வெளியேற நாளாகும். தண்ணீர், சாப்பாடு, கழிப்பறை எல்லாவற்றையும் மேலே ஏறுவதற்கு முன்பே கிராமத்தில் முடித்துக்கொள்ளுங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. கூரைப் பராமரிப்பு பங்கு மக்கள் தலையில்தான் விழுகிறது, காணிக்கைப் பெட்டியில் மனம்போல் போடுங்கள்.

அதே நாளில் வேறு எங்கே போகலாம்?

முதல் தேர்வு ரெப்டன், காரில் அரை மணிக்குள். தூய விஸ்டன் ஆலயத்தின் பலிபீடப் பகுதிக்கு அடியில் மெர்சிய அரசர்களைப் புதைத்த நிலவறை இருக்கிறது. கயிறு சுற்றியதுபோல் திருகிய நான்கு தூண்கள், ஒன்பது சிறு கட்டங்களாகப் பிரிந்த வளைகூரையைத் தாங்குகின்றன. 1779-இல் மேலே கல்லறை தோண்டிக்கொண்டிருந்த ஒருவர் கூரை உடைந்து உள்ளே விழுந்ததால்தான் இது மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. படிகள் தேய்ந்து, நடுவில் குழிந்திருக்கும். ஓரமாகக் கால் வையுங்கள், தலையைக் குனியுங்கள். பிரீடனில் கற்கள் இடம்பெயர்ந்து நிற்கின்றன. இங்கே சாக்சன் அறையே கலையாமல் நிற்கிறது. ஆகவே பிரீடனை முதலில் பார்த்துவிட்டு ரெப்டனுக்குப் போவதுதான் நல்ல வரிசை.

நேரம் மிஞ்சினால் டார்பிக்கு வடக்கே வர்க்ஸ்வொர்த். அங்கே தூய மரியாள் ஆலயத்தின் வடக்குப் பக்கக் கூடச் சுவரில் ஒரு சாக்சன் கல்லறை மூடி பதிக்கப்பட்டிருக்கிறது. 1820-ஐ ஒட்டிப் பலிபீடத்தின் முன்னால் தளத்தைப் பெயர்த்தபோது, முகம் தரையைப் பார்க்கக் கவிழ்ந்து கிடைத்தது. சீடர்களின் பாதம் கழுவுதல், சிலுவையில் ஆட்டுக்குட்டி, மரியாளின் இறுதி ஊர்வலம், கிறிஸ்து பாதாளத்தில் இறங்குதல், விண்ணேற்றம் என்று நெருக்கியடித்த காட்சிகள், கண்ணுயரத்திலேயே. பிரீடனில் கழுத்து வலித்தவர்களுக்கு இது ஆறுதல். அதே ஆலயத்தில் கூடையும் கொத்துக்கோடரியும் ஏந்திய சுரங்கத் தொழிலாளி உருவம் ஒன்றும் இருக்கிறது. அதைச் சாக்சன் சிற்பம் என்று சொல்லிப் படம் பகிர்கிறவர்கள் உண்டு. அது பக்கத்து ஊரான பான்சல் ஆலயத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து பதித்தது, காலத்தாலும் பிந்தியது.

மூன்றையும் ஒரே நாளில் பார்க்க வேண்டுமென்றால் கோடையில் காலை ஒன்பதரைக்கு வர்க்ஸ்வொர்த்தில் தொடங்கி, மதியம் பிரீடன், மாலை ரெப்டன் என்று வாருங்கள். குளிர்காலத்தில் வர்க்ஸ்வொர்த்தை விட்டுவிடுங்கள்.